இலை மஞ்சளானால் காரணம் கிருமியா, மண்ணா?

வயலில் நெல் மஞ்சளடித்து நிற்கிறது. உரக்கடைக்காரர் "நோய்தான்" என்று ஒரு மருந்தை எடுத்து வைக்கிறார். பக்கத்து வயல்காரர் "மண்ணுல சத்து இல்லப்பா" என்கிறார். ஆற்றோரம் தொழிற்சாலை இருக்கும் ஊரென்றால் மூன்றாவது பதிலும் தயாராக இருக்கும்: "எல்லாம் அந்தக் கழிவுத் தண்ணி செய்யற வேலை." மூவரும் பார்த்தது ஒரே இலையைத்தான். மூவரில் யார் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஏனென்றால் தன் துன்பத்தை வெளியே காட்டச் செடிக்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான்: மஞ்சளாவது, கருகுவது, வாடுவது, குட்டையாக நின்றுவிடுவது. வைரஸ் தாக்கினாலும், துத்தநாகம் போதாவிட்டாலும், வேரடியில் உப்பு ஏறினாலும் வெளியே தெரிவது இவற்றில் ஒன்றோ இரண்டோதான்.

தாவரவியலிலோ வேளாண்மையிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ முதல் பிராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில். நோயுற்ற இலையிலிருந்து ஒரு பூஞ்சையை ஆய்வகத்தின் ஊட்டத் தட்டில் வளர்த்துவிட்டு "இதுதான் காரணம்" என்று எழுதிவிடுகிறார்கள். அல்லது, கழிவுநீர் ஊற்றிய விதை முளைக்கவில்லை, அந்த நீரில் குரோமியம் இருக்கிறது, ஆகவே குரோமியம்தான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுகின்றன என்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அந்த விடுபட்ட படியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பெரிய கருவிகள் இல்லாத கல்லூரியிலும் அதைச் செய்யலாம்.

இரண்டு நெல் நோய்கள், இரண்டு தவறான ஊகங்கள்

இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில், இன்றைய உத்தரகண்டில், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1960-களில் அந்த வட்டாரத்து நெல்வயல்களில் 'கைரா' என்றொரு நோய் விவசாயிகளை வாட்டியது. நட்ட இரண்டு மூன்று வாரத்தில் கீழ் இலைகளில் துருநிறப் புள்ளிகள் தோன்றும். அவை ஒன்றுகூடி இலையே பழுப்பாகும். பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கும். பார்வைக்கு அசல் பூஞ்சை நோய். அங்கே பயிர் நோயியல் துறையில் இருந்த ஒய்.எல். நேனே 1966-இல் காரணத்தை அறிவித்தார்: மண்ணில் துத்தநாகம் போதவில்லை. கிருமி எதுவும் இல்லை. துத்தநாக சல்பேட்டைச் சுண்ணாம்புடன் கலந்து தெளித்தால் பயிர் தேறியது. கிருமியைத் தேடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் "இதில் கிருமி இல்லை" என்று சொன்னார் பாருங்கள், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பெயர் மட்டும் இன்றுவரை 'கைரா நோய்' என்றே நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்க் கதை தென்கிழக்கு ஆசியாவில் நடந்தது. ஜாவாத் தீவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே 'மென்டெக்' என்றொரு கோளாறு தெரிந்திருந்தது. மலேசியாவில் அதேபோல ஒன்றை 'பென்யாகிட் மேரா', அதாவது சிவப்பு நோய், என்றார்கள். நெல் மஞ்சளாகி, ஆரஞ்சு நிறத்துக்கு மாறி, தூர் கட்டாமல் குறுகிப்போகும். மண் சரியில்லை, சத்து போதவில்லை என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். 1960-களில் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் புதிதாக அமைந்த சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ரிவேரா, ஊ என்ற இரு ஆய்வாளர்கள் அங்குள்ள 'துங்ரோ' என்ற கோளாறை எடுத்துக்கொண்டார்கள். அதைப் பச்சைத் தத்துப்பூச்சி ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகிறது என்று 1965-இல் காட்டினார்கள். மென்டெக்கும் பென்யாகிட் மேராவும் அதே நோய்தான் என்பது பிறகு தெளிவானது. தமிழ்நாட்டு நெல் விவசாயிகளுக்கும் துங்ரோ புதிய பெயரில்லை.

ஊகம் தவறினால் என்ன ஆகிவிடும்? கைராவுக்குப் பூஞ்சைக்கொல்லி அடித்தால் காசு போகும், பயிர் தேறாது. துங்ரோவைச் சத்துக்குறை என்று நினைத்துத் தழைச்சத்தை அள்ளிப்போட்டால் தத்துப்பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

இரண்டு கதைகளிலும் முடிவு எதிரெதிர். ஆனால் முடிவுக்கு வந்த வழி ஒன்றேதான். சந்தேகப்படும் அந்த ஒன்றை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். கொடுக்காத செடியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மற்றதெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுபோல. துத்தநாகம் பெற்ற செடி, பெறாத செடி. நோய்ச்செடியை உறிஞ்சிய பூச்சி விட்ட செடி, நல்ல செடியை உறிஞ்சிய பூச்சி விட்ட செடி.

கிருமிதான் என்று சொல்ல என்ன வேண்டும்?

ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882-இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தபோது பின்பற்றிய தர்க்கத்தைப் பின்னாளில் நான்கு விதிகளாகச் சுருக்கினார்கள். பயிர் நோய்க்கும் அவைதான் அடிப்படை. நோயுள்ள செடிகளிலெல்லாம் அந்தக் கிருமி இருக்க வேண்டும். அதைப் பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்க முடிய வேண்டும். அப்படி வளர்த்ததை நல்ல செடியில் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். அந்தச் செடியிலிருந்து மறுபடி எடுத்தால் அதே கிருமி கிடைக்க வேண்டும்.

மாணவர் பிராஜெக்ட்டுகள் பலவும் இரண்டாவது விதியோடு நின்றுவிடும். அதுதான் சுலபம், படமும் அழகாக வரும். ஆனால் செத்த இலையில் எந்தப் பூஞ்சையும் வந்து குடியேறும். ஆஸ்பெர்ஜில்லஸ் போன்றவை காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன. செத்த திசு கிடைத்தால் விடாது. புள்ளி விழுந்த இலையிலிருந்து ஆஸ்பெர்ஜில்லஸ் வளர்ந்தது என்றால், செத்தவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவரைக் கொலைகாரர் என்று பிடித்த கதையாகவும் இருக்கலாம். அதனால்தான் ஆய்வகத்தில் ஒரு பழக்கம் உண்டு. புள்ளியின் நடுவிலிருந்து வெட்டாமல், கருகிய பகுதியும் பச்சைப் பகுதியும் சந்திக்கும் ஓரத்திலிருந்து சிறு துண்டு வெட்டுவார்கள். முன்னேறிக்கொண்டிருக்கும் உண்மையான நோய்க்கிருமி அந்த எல்லையில்தான் இருக்கும். துண்டை நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் சிறிது நேரம் முக்கி, கிருமியகற்றிய நீரில் அலசியபின்தான் தட்டில் வைப்பார்கள். மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் வழிப்போக்கர்களைக் கழிக்கத்தான் இது.

மூன்றாவது விதிதான் உயிர்நாடி. நல்ல செடியின் இலையில் ஊசியால் லேசாகக் குத்தி, வளர்த்த பூஞ்சையின் வித்துக்கள் கலந்த நீரைத் தடவுகிறீர்கள் என்று வையுங்கள். ஐந்து நாளில் புள்ளி வருகிறது. சரி, வந்தது பூஞ்சையாலா, ஊசிக் காயத்தாலா? இதற்கு விடை சொல்ல இன்னொரு செடி வேண்டும். அதே வயது, அதே ரகம், அதே ஊசியால் அதே அளவு குத்து, அதே அளவு நீர். வித்து மட்டும் கிடையாது. அதையும் அதே ஈரப்பதத்தில் அதே பிளாஸ்டிக் உறைக்குள் மூடி வைக்க வேண்டும். இதைத்தான் கன்ட்ரோல் என்கிறோம். 'எதுவுமே செய்யாமல் சும்மா விட்ட செடி' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சும்மா விட்ட செடி போதாது. சந்தேகப்படும் அந்த ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் செய்த செடிதான் கன்ட்ரோல்.

காக்கின் விதிகள் எல்லா நோய்க்கும் நேராகப் பொருந்திவிடாது. வைரஸைத் தட்டில் வளர்க்க முடியாது. அதற்கு உயிருள்ள செல் வேண்டும். துங்ரோ இன்னும் சிக்கலானது. அதில் இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்கின்றன. கோல் வடிவ வைரஸ்தான் பெரும்பாலான அறிகுறிகளை உண்டாக்குகிறது. உருண்டை வடிவ வைரஸ் தனியாக வந்தால் செடியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, ஆனால் அது இல்லாமல் மற்றதைப் பூச்சியால் கொண்டுபோக முடியாது. 'ஒரு நோய், ஒரு கிருமி' என்று தேடியிருந்தால் பாதிதான் கிடைத்திருக்கும்.

வைரஸ் என்ற ஒன்று இருப்பதே தெரியவந்ததற்கும் ஒரு செடிதான் காரணம்: புகையிலை. நெதர்லாந்தின் வாகனிங்கெனில் அடால்ஃப் மேயர் புகையிலையின் தேமல் நோயை ஆராய்ந்தார். அவர் முதலில் சந்தேகப்பட்டது மண்ணைத்தான். நோயுள்ள இடத்து மண்ணையும் நோயில்லாத இடத்து மண்ணையும் சோதித்தார். காரணம் என்று காட்டும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. பிறகு நோயுற்ற இலையை அரைத்துச் சாறெடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயால் நல்ல செடியின் இலை நரம்பில் ஏற்றினார். பத்துக்கு ஒன்பது செடிகளில் நோய் வந்தது. நன்றாகச் சூடேற்றிய சாற்றுக்கு அந்தத் திறன் போய்விட்டது. இதையெல்லாம் 1886-இல் எழுதினார். அந்தச் சூடேற்றிய சாற்றைக் கவனியுங்கள். குத்து அதே, சாறு அதே, உயிருள்ள ஏதோ ஒன்றுதான் போய்விட்டது. நல்ல கன்ட்ரோல் என்றால் அது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் ஒரு மாணவர். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த திமித்ரி இவனோவ்ஸ்கியை 1887-இல் உக்ரைனுக்கும் பெசராபியாவுக்கும் (இன்றைய மால்டோவா பகுதி) புகையிலை நோயைப் பார்த்துவர அனுப்பினார்கள். படிப்பு முடிந்த பிறகும் அவர் புகையிலையை விடவில்லை. தேமல் நோய்ச் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடிந்த நீரும் நோயைப் பரப்பியது. 1892-இல் அதை வெளியிட்டார். ஆனால் அது பாக்டீரியாவின் வேலைதான் என்ற எண்ணத்திலிருந்து அவரால் விடுபட முடியவில்லை. இது வேறு வகையான தொற்றுப்பொருள் என்று துணிந்து சொன்னவர் நெதர்லாந்தின் பெய்ஜெரிங்க், 1898-இல்.

மண்தான் என்று சொல்ல என்ன வேண்டும்?

இனி மண்ணுக்கு வருவோம். பாலாற்றங்கரையில் இருக்கிறது ராணிப்பேட்டை. 2019-இல் தனி மாவட்டமானது. தோல் பதனிடும் தொழிலும் குரோமேட் ரசாயன உற்பத்தியும் அங்கே விட்டுச்சென்ற மாசு உலகம் அறிந்தது. நியூயார்க்கைச் சேர்ந்த பிளாக்ஸ்மித் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1996-இல், அன்றைய வேலூர்ப் பகுதியின் தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 'மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநாட்டியது.

அந்தப் பகுதி மண்ணை எடுத்துவந்து பயறு விதைக்கிறீர்கள். முளை குன்றியிருக்கிறது. மண்ணில் குரோமியம் இருப்பதாக ஆய்வக அறிக்கை சொல்கிறது. குரோமியம்தான் காரணம் என்று எழுதலாமா?

அவசரப்படக் கூடாது. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் உப்பைக் கொட்டித்தான் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அந்த உப்பெல்லாம் கழுவி வெளியேறுவது கழிவுநீரில்தான். ஆக, தோல் கழிவு பாய்ந்த மண்ணில் குரோமியத்தோடு சமையல் உப்பும் ஏராளமாக இருக்கும். விதை முளைப்பதைத் தடுக்க உப்பு மட்டுமே போதும். இதைப் பிரித்தறிய, அந்த மண்ணில் பாய்ந்த கழிவுநீரையே வைத்து ஒரு மலிவான வழி உண்டு. கழிவுநீரின் மின்கடத்துத்திறனை, அதாவது மண் பரிசோதனைக் கூடங்களில் ஈ.சி. என்று சொல்வார்களே அதை, அளந்துகொள்ளுங்கள்; கரைந்த உப்பு கூடக்கூட அதுவும் கூடும். அதே ஈ.சி. வரும்வரை நல்ல நீரில் உப்பைக் கரைத்து ஒரு கரைசல் தயாரியுங்கள். இப்போது மூன்று தொகுதிகள்: நல்ல நீர், கழிவுநீர், அதே அளவு உப்புள்ள நீர். கழிவுநீரிலும் உப்புநீரிலும் வேர் ஒரே அளவு குன்றினால் பழி பெரும்பாலும் உப்பின் மேல். உப்புநீரைவிடக் கழிவுநீரில் மோசம் என்றால் உப்புக்கு மேல் வேறு ஏதோ இருக்கிறது. அது குரோமியம்தானா என்பது அப்போதும் தனிக் கேள்வி. அதற்கு இன்னொரு கன்ட்ரோல் வேண்டும்.

குரோமியத்திலும் இரண்டு வகை உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறக் குரோமியம். அமிலமில்லாத மண்ணில் அது கரையாமல் மண்துகளோடு ஒட்டிக்கொள்ளும். செடிக்குள் அதிகம் ஏறாது. குரோமேட் ஆலைக் கழிவில் இருப்பது ஆறு இணைதிறக் குரோமியம். அது மஞ்சளாகக் கரைந்து நீரோடு ஓடும். செடியின் வேர் சல்பேட்டை உள்ளே இழுக்கும் வாசல் வழியாகவே இதுவும் உள்ளே போய்விடும். நச்சும் இதற்குத்தான் மிகுதி. ஆய்வக அறிக்கையில் 'மொத்தக் குரோமியம்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை எவ்வளவு என்று தெரியாது. ஈயம், காட்மியம், செம்பு எல்லாவற்றுக்கும் இதே பிரச்சினை: மண்ணில் மொத்தம் எவ்வளவு என்பது ஒன்று, அதில் செடிக்குக் கிடைப்பது எவ்வளவு என்பது வேறு. மண்ணின் கார அமில நிலை மாறினால் இரண்டாவது எண் தலைகீழாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோயை உண்டாக்கும். பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்து விதையில் ஊற்றும் சோதனை பள்ளி அளவில் வேண்டவே வேண்டாம். கல்லூரியிலும் கையுறை, புகைப்போக்கி, கண்காணிப்பு இல்லாமல் தொடக் கூடாது. முறையைக் கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் சமையல் உப்பே போதும். தர்க்கம் அதேதான்.

மாசுபட்ட மண், நல்ல மண் என்று இரண்டு தொட்டியோடு நின்றால் 'வேறுபாடு உண்டு, இல்லை' என்று மட்டுமே சொல்லலாம். இரண்டையும் கலந்து படிப்படியாக அளவை ஏற்றினால் விஷயம் நன்றாகத் தெரியும்: மாசு மண் 0, 12.5, 25, 50, 100 சதவீதம். மாசு கூடக்கூட வேர் குறுகிக்கொண்டே போனால் உங்கள் வாதம் வலுக்கிறது. நடுவில் ஏறி இறங்கி ஒழுங்கில்லாமல் இருந்தால் வேறு ஏதோ குறுக்கிடுகிறது. கலக்கும் நல்ல மண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மாசு மண் களிமண்ணாக இருந்து, நர்சரியில் வாங்கிய செம்மண்ணை நல்ல மண் என்று வைத்தால், நீங்கள் சோதிப்பது மாசையா, களிமண்ணையா? அதே ஊரில், கழிவு பாயாத மேட்டுப்பக்கத்தில், அதே வகை மண்ணைத் தேடி எடுப்பதுதான் சரி.

எதை அளப்பது? முளைத்த விதைகளை எண்ணுவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். முளைப்பு ஒரு மந்தமான அளவுகோல். விதைக்குள் இருக்கும் உணவை வைத்துக்கொண்டு, விதையுறையின் பாதுகாப்பில், மோசமான மண்ணிலும் அது எட்டிப்பார்த்துவிடும். மண்ணோடு நேராக உரசுவது வேர்தான். ஆகவே வேர் நீளம் பெரும்பாலும் முளைப்பைவிட முன்னதாகவே மாசைக் காட்டிக்கொடுக்கும். ஒரு ஸ்கேல் போதும்.

கிருமியும் மண்ணும் கைகோத்தால்?

இதுவரை 'இதுவா, அதுவா' என்று கேட்டுவந்தோம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். நெல்லின் பழுப்புப் புள்ளி நோய் ஒரு பூஞ்சையால் வருவது, அதில் சந்தேகமில்லை. ஆனால் சத்தில்லாத மண்ணில், குறிப்பாகச் சாம்பல்சத்தும் சிலிக்காவும் குறைந்த இடத்தில், அது வெறிகொண்டு பரவும். வளமான மண்ணில் அதே பூஞ்சை சில புள்ளிகளோடு அடங்கிவிடும். 1942-இல் வங்காளத்தில் இந்த நோய் நெல்லைக் கடுமையாகத் தாக்கியது. அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் வாதம் உண்டு.

இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு நான்கு தொகுதித் தொட்டிகள் வேண்டும். நல்ல மண், பூஞ்சை இல்லை. நல்ல மண், பூஞ்சை உண்டு. சத்துக் குறைந்த மண், பூஞ்சை இல்லை. அதே மண், பூஞ்சை உண்டு. மண்ணால் மட்டும் எவ்வளவு கேடு, பூஞ்சையால் மட்டும் எவ்வளவு என்று முதல் மூன்றிலிருந்து தெரிந்துவிடும். நான்காவதில் வரும் கேடு அந்த இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகமாக இருந்தால், ஒன்று மற்றதற்கு வழிவிடுகிறது என்று பொருள். மாசுபட்ட மண்ணில் வளரும் பயிருக்கு நோய் கூடுதலாக வருகிறதா என்ற கேள்விக்கும் இதே நான்கு தொட்டிகள்தான். இளநிலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய, ஆனால் மிகச் சிலரே முயலும் வேலை இது.

நோயும் மாசும் இன்னொரு வழியிலும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கு எதிராக 1885-இல் அறிமுகப்படுத்தியவர் பிரான்ஸின் மில்லார்டே. மயில்துத்தம் என்பது செம்பு உப்பு. நூறு ஆண்டுக்கும் மேலாக அடித்த செம்பு அங்குள்ள பல திராட்சைத் தோட்டங்களின் மேல்மண்ணில் தங்கிவிட்டது; செம்பு மட்காது, போகாது. நம் வெற்றிலைக் கொடிக்கால்களிலும் வாடல் நோய்க்குப் போர்டோ கலவை ஊற்றுகிறார்கள். நெடுநாள் கொடிக்கால் மண்ணையும் பக்கத்துத் தரிசு மண்ணையும் எடுத்து வேர் நீளச் சோதனை செய்து பார்ப்பது நல்ல பிராஜெக்ட்.

எத்தனை தொட்டி, எங்கே வைப்பது?

ஒரு தொட்டியில் ஐந்து செடி வைத்தால் ஐந்து முறை செய்ததாக ஆகாது. அந்தத் தொட்டிக்கு மட்டும் தண்ணீர் கூடிப்போனால் ஐந்து செடியும் சேர்ந்தே அழுகும். கணக்கில் அது ஒன்றுதான். மண்ணை மாற்றியது தொட்டிக்குத் தொட்டி என்றால், எண்ண வேண்டியதும் தொட்டியைத்தான். ஒவ்வொரு தொகுதிக்கும் குறைந்தது நான்கைந்து தொட்டி வையுங்கள். விதைப் பரிசோதனை நிலையங்களில் ஒரு விதைக்குவியலின் முளைப்புத்திறனைச் சொல்ல 400 விதைகளை எடுத்து, நூறு நூறாக நான்கு தொகுதிகளாகச் சோதிப்பது வழக்கம். ஒரே தட்டில் பத்து விதை போட்டுவிட்டு 'முளைப்பு 30 சதவீதம் குறைந்தது' என்று எழுதுவதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! பத்தில் மூன்று விதை சொத்தையாக இருந்தாலே அந்த 30 சதவீதம் வந்துவிடும்.

அப்புறம் தொட்டிகளை அடுக்கும் விதம். கன்ட்ரோலையெல்லாம் ஜன்னல் பக்கம், மாசு மண்ணையெல்லாம் சுவர் பக்கம் என்று அழகாக வரிசைப்படுத்திவிட்டால் ஆய்வு அங்கேயே கெட்டது. வெளிச்சம் எது, மாசு எது என்று பிறகு எந்தக் கணக்கும் பிரித்துத் தராது. சீட்டு எழுதிப்போட்டுக் குலுக்கி எடுத்து, வந்த வரிசையில் வைக்க வேண்டும். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் பண்ணையில் 1843-இலிருந்து கோதுமைச் சோதனை நடந்துவருகிறது. 1919-இல் அங்கே சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர் அந்த வயல் கணக்குகளோடு மல்லுக்கட்டித்தான், எந்தத் துண்டு நிலத்துக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் முடிவுசெய்ய வேண்டும் என்ற முறையை உருவாக்கினார். இன்று மருந்துகளை மனிதர்களிடம் சோதிப்பதும் அந்த முறையில்தான்.

கன்ட்ரோல் தொட்டியே நன்றாக வளரவில்லை என்றால்? அந்தச் சோதனையைத் தள்ளிவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான். ரசாயனங்களைச் செடிகளில் சோதிக்க பல நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. வகுத்த 208-ஆம் வழிகாட்டியில், கன்ட்ரோலில் குறைந்தது 70 சதவீத நாற்றாவது முளைத்திருந்தால்தான் சோதனை செல்லும் என்று விதி இருக்கிறது. அதே மாதிரி, வேறுபாடு எதுவும் வரவில்லை என்றாலும் அதை அப்படியே எழுதுங்கள். 'எதிர்பார்த்தது வரவில்லை' என்று எண்ணைத் தட்டிச் சரிசெய்யும் பழக்கம் கல்லூரியில் தொடங்கினால் பிறகு போகாது.

வயலில் பார்க்க வேண்டியவை

தொட்டிக்குப் போகும் முன் வயலே சில துப்புகளைத் தரும். தழைச்சத்துக் குறைவு கீழ் இலையில் தொடங்கும். இரும்புச்சத்துக் குறைவு குருத்தில் தொடங்கும். பூச்சி பரப்பும் நோய் பெரும்பாலும் அங்கொன்று இங்கொன்றாகத் தோன்றி நாளாக நாளாகப் பரவும். உளுந்தில் வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் அப்படித்தான்: மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு செடிக்குப் பக்கத்தில் தளதளவென்று இன்னொரு செடி நிற்கும். மண் கோளாறு மண்ணின் வடிவத்திலேயே தெரியும்: வாய்க்கால் ஓரமாக, பள்ளத்தில், கழிவுநீர் தேங்கிய இடத்தில். துங்ரோவுக்கு அயோடின் சோதனை ஒன்று இருக்கிறது. நோயுற்ற இலையில் மாவுச்சத்து தேங்கிவிடும். அதிகாலையில் இலைநுனியை வெட்டி அயோடின் கரைசலில் ஊறவைத்தால் கருநீலக் கோடுகள் தெரியும். இவையெல்லாம் சந்தேகத்தை எங்கே வைப்பது என்று சொல்லும், அவ்வளவுதான்.

மண் மாதிரியை ஒரே இடத்தில் அள்ளாமல் வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பல இடங்களில் எடுங்கள். மேல் குப்பையை விலக்கி, 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, ஓரத்திலிருந்து மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர் பங்குகளைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைக்கலாம். உலோகத்தை அளக்கப் போகிறீர்கள் என்றால் துருப்பிடித்த மண்வெட்டியும் துத்தநாகம் பூசிய வாளியும் ஆகாது. பிளாஸ்டிக் கரண்டியும் பிளாஸ்டிக் வாளியும் எடுத்துப் போங்கள். விவசாயியிடம் மண்வள அட்டை இருந்தால் வாங்கிப் பாருங்கள். 2015-இலிருந்து வழங்கப்படும் அந்த அட்டையில் 12 அளவுகள் உண்டு. துத்தநாகம் போதுமா, உப்பு அதிகமா என்று அதிலேயே தெரிந்துவிடும். குரோமியம், ஈயம், காட்மியம் அதில் கிடையாது. அவற்றுக்குத் தனியாக ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் மிஞ்சுவது தொட்டிகளும் தட்டுகளும். பூஞ்சை வளர்த்த தட்டுகளை ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவிக் கலனில், வேகவைத்த பிறகே எறிய வேண்டும். நோய் ஏற்றிய செடிகளை எருக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும். மாசு மண்ணைக் கல்லூரித் தோட்டத்தில் கொட்டுவது எங்கும் நடக்கிற தவறு. அந்த மண்ணை மூடி போட்ட டப்பாவில் அடைத்து, எந்த ஊர் மண், எந்தத் தேதி, என்ன மாசு என்று எழுதி ஒட்டி, துறையின் ரசாயனக் கழிவோடு ஒப்படைத்துவிடுங்கள்.